சைக்கிள் கிரிப் வாங்கப் போறீங்களா? முதல்ல எந்த விரல் மரத்துப் போகுதுன்னு பாருங்க

முட்டுக்காடு பாலம் தாண்டுறப்பவே ரெண்டு கையிலயும் சுண்டுவிரல் இருக்கா இல்லையான்னு தெரியல, மாமல்லபுரம் போய் இறங்கி டீ கிளாஸ கையில வாங்குனா சூடு கட்டைவிரல்ல தெரியுது, அந்தக் கடைசி ரெண்டு விரல்ல ஒண்ணுமே தெரியல. ஹெல்மெட் கிளிப்பக் கூட, கூட வந்த தம்பிதான் கழட்டிவிட்டான். இத்தனைக்கும் ரெண்டு வாரம் முன்னாடிதான் புது கிரிப் (ஹேண்டில் முனையில கை பிடிக்கற உறை) போட்டிருந்தேன். கடையில இருந்ததுலயே மெத்துமெத்துன்னு இருந்த ஜெல் கிரிப், கட்டைவிரலால அமுக்குனா அப்படியே உள்ள போச்சு, இதவிட சுகமா என்ன வேணும்னு நினைச்சு வாங்குனது.

அதுக்கப்புறம் என் சைக்கிள்லயும் கூட ஓட்டுற நண்பர்கள் சைக்கிள்லயுமா சேர்த்து நிறைய கிரிப் மாத்திப் பார்த்தாச்சு. புதுசா சைக்கிள் ஓட்ட ஆரம்பிச்சவங்க என்கிட்ட கேட்டா நான் முதல்ல சொல்றது ஒண்ணுதான், கடையில கட்டைவிரலால அமுக்கிப் பார்த்து கிரிப் வாங்காதீங்க. அஞ்சு செகண்ட் அமுக்குறது வேற, உடம்பு பாரத்துல ஒரு பங்கு ரெண்டு மணி நேரம் அது மேல உக்காந்திருக்கறது வேற. ரொம்ப மெத்துன்னு இருக்கறது பாரம் ஏற ஏற நசுங்கி அடியில இருக்கற பைப்ப தொட்டுடும், அதோட அது கைக்குள்ள நெளியறதால நம்மள அறியாமலே இன்னும் இறுக்கிப் பிடிப்போம், இறுக்கிப் பிடிச்சா முன்னங்கை வரைக்கும் வலி ஏறும்.

இந்தக் கட்டுரை நேரா இருக்கற ஹேண்டில்பாருக்குத்தான், அதாவது எம்டிபி (மேடு பள்ளத்துல ஓட்டுற மவுண்டன் பைக்), ஹைபிரிட் (எம்டிபிக்கும் ரோடு பைக்குக்கும் நடுவுல இருக்கற வகை), சாதாரண சிட்டி சைக்கிள். வளைஞ்ச ஹேண்டில் வச்ச ரோடு பைக்குக்கு கிரிப் கிடையாது, டேப் சுத்துறது, அது தனி விஷயம்.

முதல் வேலை: கை என்ன சொல்லுதுன்னு கேளுங்க

ஒரு மணி நேரமாவது ஓட்டிட்டு நிறுத்தி, எந்த விரல் மரத்திருக்குன்னு பாருங்க. இது ரொம்ப முக்கியம், ஏன்னா ரெண்டு நரம்பு ரெண்டு வழியா போகுது.

சுண்டுவிரலும் மோதிர விரல்ல பாதியும் மரத்தா அது அல்நார் நரம்பு. உள்ளங்கையோட வெளிப்பக்க அடியில, சுண்டுவிரலுக்கு நேர் கீழ மேடா இருக்குல்ல, அங்க ஒரு சின்ன இடுக்கு வழியா அந்த நரம்பு விரலுக்குப் போகுது. 1861ல ஃபெலிக்ஸ் கையோன்னு ஒரு பிரெஞ்சு சர்ஜன் அத விவரிச்சதால கையோன் கால்வாய்னே பேரு. அந்த இடத்துல நரம்புக்கு மேல பாதுகாப்பா பெருசா சதை இல்ல, நம்ம உருண்டை கிரிப் சரியா அங்கதான் போய் அழுத்துது. சைக்கிள் ஓட்டுறவங்களுக்கு அதிகமா வர்றது இந்த மரப்புதான்.

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்தா அது மீடியன் நரம்பு, மணிக்கட்டு நடுவுல போறது. இதுக்குப் பெரும்பாலும் காரணம் மணிக்கட்டு மேல் பக்கமா மடிஞ்சு நிக்கறதுதான், கிரிப் மட்டும் மாத்தி பிரயோஜனம் இல்ல.

மரப்பே இல்ல, தோல்ல கொப்புளமும் காய்ப்பும்தான்னா, கிரிப் மேல கை உரசி நகருதுன்னு அர்த்தம், இல்ல கிரிப்பே சுத்துது. முன்னங்கை வலின்னா பெரும்பாலும் தடிமன் சரியில்ல. இத ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டு அடுத்த வேலைக்கு வாங்க.

காசு செலவு பண்றதுக்கு முன்னாடி

எங்க அப்பா ஓட்டுன ஹெர்குலிஸ், அம்பத்தூர்ல தயாரானது, கிரிப்னு பார்த்தா கல்லு மாதிரி பிளாஸ்டிக். முப்பது வருஷம் ஓட்டுனாரு, ஒரு நாளும் கை மரத்துப்போச்சுன்னு சொன்னதில்ல. அந்த சைக்கிள்ல நிமிர்ந்து உக்காருவோம், ஹேண்டில் நம்ம பக்கமா வளைஞ்சு வரும், கை சும்மா மேல கிடக்கும், பாரம் முழுக்க சீட்டுல. இப்ப வர்ற ஹைபிரிட்லயும் எம்டிபிலயும் முன்னாடி சாஞ்சு உக்கார்றோம், அந்தப் பாரம் எங்க போகும், கைக்குத்தான் போகும். அதனால கிரிப் வாங்குறதுக்கு முன்னாடி இந்தப் பாரத்த குறைக்க முடியுமான்னு பாருங்க, எல்லாம் வீட்லயே ஒரு ஆலன் கீ (ஆறு பக்க முனை வச்ச சாவி) செட் வச்சு செய்யறதுதான்.

சீட்டோட மூக்கு கீழ பார்த்து சாஞ்சிருந்தா ஒவ்வொரு மிதிக்கும் நீங்க முன்னாடி வழுக்குவீங்க, கை முட்டுக்குடுத்து நிறுத்தும். சைக்கிள சமதரையில நிறுத்தி, சீட்டு மேல ஒரு நீளமான புக்க வச்சு, போன்ல இருக்கற லெவல் பார்க்குற ஆப்ப அது மேல வச்சுப் பாருங்க, ஏறக்குறைய சமமா இருக்கணும். என் நண்பர் ஒருத்தருக்கு இது ஒண்ணுலயே பாதிப் பிரச்சனை தீர்ந்துச்சு, கிரிப்பே மாத்தல.

அடுத்து பிரேக் லீவர். சீட்டுல உக்காந்து, கிரிப்ப பிடிச்சு, விரல பிரேக் மேல நீட்டுங்க. முழங்கையில இருந்து விரல் நுனி வரைக்கும் ஒரே கோடா போகணும். புது சைக்கிள்ல நிறைய பேருக்கு லீவர் தரைக்கு சமமா முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கும், அத எட்டறதுக்கு மணிக்கட்டு மேல மடியும். லீவர் கிளாம்ப்ப லூஸ் பண்ணி கொஞ்சம் கீழ இறக்குங்க. மீடியன் நரம்பு மரப்புன்னு எழுதி வச்சவங்க முதல்ல இதத்தான் செய்யணும். கை சின்னதா இருக்கறவங்களுக்கு இன்னொண்ணு, நிறைய லீவர்ல ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும், அத உள்ள திருகுனா லீவர் ஹேண்டிலுக்குக் கிட்ட வரும், எட்டிப் பிடிக்க வேண்டியதில்ல.

டயர்ல காத்து. பக்கவாட்டுல குறைஞ்சது இவ்ளோ, அதிகபட்சம் இவ்ளோன்னு அச்சடிச்சிருக்கும், பங்க்குல அடிக்கறவரு அதிகபட்சத்துக்கே அடிச்சு விட்டுடுவாரு, அப்புறம் ரோட்ல இருக்கற ஒவ்வொரு ஜல்லியும் கைக்கு வரும். அந்த ரெண்டு நம்பருக்கும் நடுவுல உங்க எடைக்கு ஏத்த மாதிரி வைங்க. அதிர்வ கிரிப் குறைக்கறதவிட டயர் நல்லாவே குறைக்கும், இத நான் எத்தனை பேர்கிட்ட சொன்னாலும் நம்ப மாட்டேங்குறாங்க, ஒருதடவ செஞ்சு பாருங்க.

இதெல்லாம் பண்ணிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. இன்னமும் கை கஷ்டப்பட்டா கடைக்குப் போகலாம்.

அளவு

உள் அளவுல பெருசா குழப்பம் இல்ல, நேர் ஹேண்டில்பார்ல கிரிப் மாட்டுற இடம் கிட்டத்தட்ட எல்லா சைக்கிள்லயும் 22.2 மி.மீ. தான். விளம்பரத்துல 31.8னு ஒரு நம்பர் வரும், அது நடுவுல ஹேண்டில் மாட்டுற இடத்தோட அளவு, கிரிப்புக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, அதப் பார்த்து குழம்பி ஆர்டர் பண்றத விட்டவங்களப் பார்த்திருக்கேன்.

நீளம் கட்டாயம் அளக்கணும். பிரேக் கிளாம்ப்புல இருந்து ஹேண்டில் முனை வரைக்கும் ஸ்கேல் வச்சுப் பாருங்க. முழு நீள கிரிப் 130 மி.மீ. பக்கம் வரும். ஆனா கியர கையால திருகி மாத்துற மாதிரி ஷிஃப்டர் இருந்தா அது கிரிப் இடத்துல பாதிய எடுத்துக்கும், அப்ப 90, 100 மி.மீ. நீளத்துல குட்டை கிரிப் வேணும். பல சைக்கிள்ல வலது பக்கம் மட்டும் திருகு ஷிஃப்டர் இருக்கும், அப்ப ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. ரெண்டு பக்கமும் அளங்க.

இப்ப தடிமன். இங்கதான் சுகம் இருக்கு, ஆனா கடையில யாரும் இதப் பத்தி கேக்கறதே இல்ல. வீட்ல ஒரு தையல் நூல எடுத்து இப்ப இருக்கற கிரிப்ப ஒரு சுத்து சுத்தி அந்த நூல அளங்க. 9 செ.மீ. வந்தா விட்டம் 28, 29 மி.மீ., ஒல்லி. 10 செ.மீ. வந்தா 32 மி.மீ., நடுத்தரம். 11 செ.மீ. வந்தா 35, நல்ல தடிமன். அப்புறம் கிரிப்ப சாதாரணமா பிடிச்சு நடுவிரல் நுனி எங்க வருதுன்னு பாருங்க. கட்டைவிரலுக்குக் கீழ இருக்கற சதை மேட்டுக்குக் கிட்ட வந்து நிக்கணும். நுனி போய் உள்ளங்கைய குத்துனா ஒல்லி, பாரம் ஒரு கோட்டுல விழுந்து அழுத்தும். பெரிய இடைவெளி விழுந்தா தடிமன் அதிகம், பிடிச்சுக்கிட்டே இருக்க விரல் வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும், அரை மணி நேரத்துல முன்னங்கை இழுக்கும். கை சின்னதா இருக்கற பொண்ணுங்களுக்கும் ஸ்கூல் பசங்களுக்கும் தடியா குஷன் கிரிப்ப மாட்டிவிடறது நல்லெண்ணத்துலதான், ஆனா பிரேக்குக்கு விரல் எட்டாமப் போயிடுது, அது சுகக்குறைவு மட்டும் இல்ல, ஆபத்து.

கிளவுஸ் போட்டு ஓட்டுறவங்க கிளவுஸ் போட்டுக்கிட்டே பிடிச்சுப் பாருங்க. கிளவுஸ்ல இருக்கற ஜெல்லும் தடிமன்லதான் சேரும்.

வடிவம்

உருண்டை கிரிப் எல்லா விதத்துலயும் பிடிக்க வசதி, மேடு பள்ளத்துல எம்டிபி ஓட்டுறவங்க கை இடத்த மாத்திக்கிட்டே இருப்பாங்க, அவங்களுக்கு அதான் சரி. ஒரே மாதிரி உக்காந்து ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரம் ரோட்ல ஓட்டுற ஆளா, சுண்டுவிரல் மரப்புன்னு எழுதி வச்சிருக்கீங்களா, அப்ப பின்பக்கம் ரெக்கை மாதிரி தட்டையா அகலமா வர்ற எர்கோ கிரிப் உங்களுக்குத்தான். ஜெர்மனியில கோப்லென்ஸ் ஊர்ல இருக்கற எர்கான் கம்பெனி இந்த வகைக்குப் பேர் போனது, அவங்க ஜிபி1 மாடல் ஸ்மால், லார்ஜ்னு கை அளவுக்கு ஏத்த மாதிரி வருது. அதே வடிவத்துல குறைஞ்ச விலைக்கு நிறைய கம்பெனி போடறாங்க. அந்த ரெக்கை மேல உள்ளங்கையோட வெளிப்பக்கம் முழுசா உக்காரும், கையோன் கால்வாய்ல ஒரே புள்ளியில விழுந்த பாரம் பரவிடும். மெத்துன்னு இருக்கறதால இல்ல, பரப்பு அதிகமா இருக்கறதாலதான் இது வேலை செய்யுது. தொட்டுப் பார்த்தா கொஞ்சம் கெட்டியாவே இருக்கும், பயப்படாதீங்க. எனக்கு மாமல்லபுரம் போயிட்டு வர்ற வழியில இப்ப கை மரக்காம இருக்குன்னா அது இந்த ரெக்கை கிரிப்பாலதான், ஜெல் கிரிப்ப கழட்டிட்டு இத மாட்டுன முதல் நாளே வித்தியாசம் தெரிஞ்சுது.

நூறு கிலோமீட்டர், இருநூறு கிலோமீட்டர்னு போறவங்க, 200 கி.மீ. பிரெவே பண்ணணும்னு ஆசப்படறவங்க (குறிச்ச நேரத்துக்குள்ள ஓட்டி முடிக்கற நீண்ட தூர ரைடு, 200க்கு 13 மணி 30 நிமிஷம் டைம்), முனையில கொம்பு மாதிரி பார் எண்ட் சேர்ந்து வர்ற கிரிப்பப் பாருங்க. எவ்ளோ நல்ல கிரிப்பா இருந்தாலும் ஒரே இடத்துல கைய வச்சிருந்தா நரம்பு தாங்காது, கைய வேற கோணத்துல வைக்க ரெண்டாவது இடம் கிடைக்கறது பெரிய விஷயம். ஆனா டிராஃபிக்ல கொம்பப் பிடிச்சுக்கிட்டு போகாதீங்க, பிரேக் அங்க இல்ல.

எதுல செஞ்சது

நம்ம ஊர் வெயிலையும் வேர்வையையும் வச்சுதான் இத முடிவு பண்ணணும். ஸ்பான்ஞ் மாதிரி ஃபோம் கிரிப் லேசு, விலை கம்மி, அதிர்வ நல்லா வாங்கும், ஆனா சென்னையில மே மாசம் ஓட்டுனா வேர்வைய குடிச்சுக்கிட்டு நாறும், மழையில ஊறும், சீக்கிரம் பிஞ்சு போகும். மென்மையான ரப்பர் மாதிரி சிந்தெடிக் கிரிப் வாங்கும்போது அருமையா இருக்கும், ஸ்டேஷன் ஸ்டாண்ட்ல தினமும் வெயில்ல நிக்குற சைக்கிள்னா ஒரு வருஷம் ரெண்டு வருஷத்துல பிசுபிசுன்னு ஆகி கையில கருப்பா ஒட்டும், அந்த நிலைக்கு வந்துட்டா துடைச்சு காப்பாத்த முடியாது, மாத்திடுங்க. சிலிக்கான் அப்படி ஒட்டாது, வெயில் தாங்கும், அதிர்வும் நல்லா வாங்கும், இஎஸ்ஐ கம்பெனி சிலிக்கான் கிரிப் அதுக்குப் பேர் போனது, ஆனா ஒருதடவ சைக்கிள் சாஞ்சு சுவத்துல உரசுனா முனை கிழியும். கார்க் கலந்த ரப்பர் வேர்வையில வழுக்காது, பார்க்கவும் நல்லா இருக்கும். தோல் கிரிப் அழகு, நம்ம வடகிழக்குப் பருவமழையில அதப் பராமரிக்க பொறுமை வேணும், தினமும் ஆபீஸ் போற சைக்கிளுக்கு நான் சொல்ல மாட்டேன்.

காசு இல்லன்னா ஒரு வழி இருக்கு, நான் ரொம்ப நாள் செஞ்சது. ஸ்போர்ட்ஸ் கடையில பேட்மிண்டன் ராக்கெட்டுக்கு சுத்துற கிரிப் டேப் விக்கும், அத இருக்கற கிரிப் மேலயே சுத்துங்க. ஹேண்டில் முனையில ஆரம்பிச்சு பிரேக் பக்கமா வந்து முடிச்சு டேப் ஒட்டுங்க. வேர்வை வாங்கும், ஒல்லி கிரிப் ஒரு சுத்துல கொஞ்சம் தடியாகும். அடிக்கடி மாத்தணும், அவ்ளோதான்.

எப்படி நிக்குது: போல்ட்டா, இறுக்கமா

லாக்-ஆன்னா முனையில ஒரு வளையம், அதுல சின்ன போல்ட், ஆலன் கீயால இறுக்குனா அசையாது. மாட்ட ரெண்டு நிமிஷம், கழட்ட ரெண்டு நிமிஷம். சாதா ஸ்லிப்-ஆன், உள்ள தள்ளி மாட்டுறது, ரப்பரோட இறுக்கத்துல மட்டும் நிக்கறது. புதுசா மாட்டப் போறவங்களுக்கு நான் லாக்-ஆன்தான் சொல்வேன், ரெக்கை கிரிப் வாங்குனா கண்டிப்பா லாக்-ஆன்தான், ஏன்னா அது ஒரு துளி சுத்துனாலும் கோணம் கெட்டுடும். ஒரு விஷயம் மட்டும் தெரிஞ்சுக்கோங்க, லாக்-ஆனுக்கு உள்ள கெட்டி பிளாஸ்டிக் குழாய் இருக்கும், அதனால அதே தடிமன்ல இருக்கற ஸ்லிப்-ஆனவிட ரப்பர் கம்மி. அதோட வெளிமுனையிலயும் இரும்பு வளையம் இருக்கற மாடல்ல, கைய ஓரத்துல வச்சு ஓட்டுறவங்களுக்கு அந்த வளையம் சரியா உள்ளங்கை ஓரத்துல உறுத்தும், அவங்க உள்பக்கம் மட்டும் வளையம் இருக்கறதா பாருங்க.

மாட்டுறது

பழைய கிரிப் பிசின் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும். ஒரு பழைய ஸ்போக் கம்பிய மெதுவா கிரிப்புக்கும் பைப்புக்கும் நடுவுல விட்டு, சோப்புத் தண்ணிய சொட்டுச் சொட்டா உள்ள விட்டு, முறுக்கி முறுக்கி இழுங்க. தூக்கிப் போடப் போற கிரிப்னா பிளேடால கீறி எடுத்துடுங்க, ஆனா பைப்ல கீறல் விழக்கூடாது. அப்புறம் பைப்ப நல்லா துடைச்சு காய விடுங்க.

ஸ்லிப்-ஆன் மாட்ட எண்ணெய், கிரீஸ், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டவே வேண்டாம். உள்ள சுலபமா போகும்தான், ஆனா காயவே காயாது, திரும்புறப்ப கிரிப் கையோட கழண்டு வந்தா விழுவீங்க. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கிக்கோங்க, செல்போன் சர்வீஸ் சாமான் விக்குற கடையில கிடைக்கும், சென்னைன்னா ரிச்சி தெரு. அத கிரிப்புக்குள்ள கொஞ்சம் ஊத்தி, குலுக்கி, பைப்லயும் தடவி, ஒரே மூச்சுல தள்ளுங்க, பாதியில நிறுத்துனா மாட்டிக்கும். ஆவியா போயிடும், இருந்தாலும் ராத்திரி முழுக்க விட்டுட்டு காலையில முறுக்கிப் பார்த்துட்டு ஓட்டுங்க. கெட்டி பிளாஸ்டிக் கிரிப்னா நம்ம சைக்கிள் கடை அண்ணனுங்க செய்யற மாதிரி சுடுதண்ணியில போட்டு எடுத்தா இளகி உள்ள போகும்.

லாக்-ஆன் போல்ட்ட வெறித்தனமா இறுக்காதீங்க, சின்ன போல்ட், தலை வழுக்கிடும். பேக்கெட்ல எத்தனை நியூட்டன் மீட்டர்னு (எவ்ளோ இறுக்கணும்ங்கற அளவு) போட்டிருப்பாங்க, பெரும்பாலும் 5க்குள்ளதான். கார்பன் ஹேண்டில்பார்னா இதுல கட்டாயம் கவனம் வேணும்.

ரெக்கை கிரிப்ப முதல்ல லேசா மட்டும் இறுக்கி, சீட்டுல உக்காந்து பிடிங்க. ரெக்கை உங்க முன்னங்கை போற அதே சரிவுல இருக்கணும். அப்படியே ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க, மணிக்கட்டு மேல மடியற மாதிரி இருந்தா ரெண்டு மூணு டிகிரி மட்டும் திருப்புங்க, மறுபடி ஒரு ரவுண்டு. சரியான இடம் கிடைச்சதும் மார்க்கர் பேனாவால கிரிப்லயும் பைப்லயும் சேர்த்து ஒரு கோடு போட்டுட்டு முழுசா இறுக்குங்க, அடுத்த பக்கமும் அதே கோணம். முதல் பத்து நாளைக்கு ஆலன் கீ பையில இருக்கட்டும். ரெண்டு மூணு ரைடு திருத்திக்கிட்டேதான் இருப்பீங்க, ரெக்கை கிரிப்ப வாங்கி "இது சரியில்ல"ன்னு கழட்டிப் போட்டவங்க பல பேர் கோணத்த மாத்தியே பார்க்கல.

ரெண்டு முனையிலயும் மூடி இருக்கான்னு பார்க்காம சைக்கிள எடுக்காதீங்க. கிரிப் முனை கிழிஞ்சு உள்ள இருக்கற பைப் வெளிய தெரிஞ்சா அது வட்டமான கத்தி மாதிரி. குழந்தைங்க மெதுவா விழுந்தாலே ஹேண்டில் முனை வயித்துல குத்தி ஈரல், மண்ணீரல் வரைக்கும் அடிபடறது டாக்டர்களுக்கு நல்லாத் தெரிஞ்ச காயம். உங்க கிரிப்ப மாத்துற அன்னைக்கு வீட்ல இருக்கற குட்டி சைக்கிளோட ரெண்டு முனையையும் தடவிப் பாருங்க, கிழிஞ்சிருந்தா அன்னைக்கே மாத்துங்க, பக்கத்து சைக்கிள் கடையில நூறு நூத்தம்பது ரூபா வேலைதான்.

இதெல்லாம் செஞ்சப்புறமும் ஓட்டி முடிச்சு ரெண்டு நாள் ஆகியும் மரப்பு போகலன்னா, இல்ல சட்டை பட்டன் போட முடியல, விரல விரிச்சா பலம் இல்லன்னா, இன்னொரு கிரிப் தேடாதீங்க. சைக்கிள நிறுத்தி வச்சுட்டு டாக்டரப் பாருங்க, எந்த விரல்ல எத்தனை நாளா மரப்புன்னு எழுதி வச்ச அந்தப் பேப்பர கையோட எடுத்துட்டுப் போங்க.